நான் மீனாக நின்ற நாட்கள்

மாப்ளே,

இன்று காலை ஒரு தூண்டில் ரீலைத் திறந்தேன். பக்கத் தகட்டைக் கழற்றியதுமே பழைய கிரீஸ் வாசனை மூக்கில் ஏறியது. பல்சக்கரம் எங்கே, பேரிங் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அவ்வளவு கிரீஸை உள்ளே அப்பி வைத்திருந்தான், விற்ற மகராசன். என்னையறியாமல் "தூங்குது" என்று சொல்லிவிட்டேன். ரீலைக் கொண்டுவந்தவர் நெட்டப்பாக்கத்தில் டெம்போ ஓட்டுகிறவர். "இன்னாண்ணே, ரீலு தூங்குமா?" என்று சிரித்தார். கை கழுவுகிற சாக்கில் கடைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அந்த வார்த்தை உன்னுடையது. நீ போய் ஒன்றரை வருடமாகிறது, அது இன்னும் என் வாயில்தான் இருக்கிறது.

என் தங்கையைக் கட்டியவன் நீ. அதற்கு முன்பே பத்தாவது வரை என் பெஞ்சில் உட்கார்ந்து என் நோட்டைப் பார்த்து எழுதியவன். அதனால்தான் கல்யாணத்துக்குப் பிறகும் நமக்குள் நீ, வா, போ மாறவில்லை. "கட்டிக்கினவரை மரியாதையா கூப்புடு அண்ணா, நாலு பேரு பாக்குறாங்க" என்று தங்கை தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள். நான் மரியாதையாக "வாங்க மாப்பிள்ளை" என்று ஒரே ஒருநாள் சொன்னேன். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்துவிட்டது.

வில்லியனூரில் என் சைக்கிள் கடையின் பாதியில் தூண்டில் சாமான்களைத் தொங்கவிடச் சொன்னவனும் நீதான். பம்பு கம்பெனியில் உனக்கு மோட்டார்களைச் சோதிக்கும் வேலை. பகல் முழுக்க மோட்டார் தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்து, இது போகும், இது போகாது என்று பிரித்து வைப்பாய். ஷிப்ட் முடிந்ததும் நேராக என் கடை. அங்கேயும் அதே வேலை, ஆனால் ஆசைக்காக. பெய்ட்காஸ்டிங் ரீல் என்றால் உனக்குத் தனிப் பிரியம். அதில் நூல் சுற்றிய உருளை குறுக்காகப் படுத்திருக்கும். தூண்டிலை வீசும்போது உருளையே சுழன்று நூலை விடும், கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு அதை அடக்க வேண்டும். ஒரு நொடி ஏமாந்தால் நூலெல்லாம் குருவிக்கூடாகச் சிக்கிக்கொள்ளும். நான் கட்டிய குருவிக்கூடுகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு மரத்துக்குப் போதும்.

தூண்டில்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பழைய ரீல் வாங்க நினைப்பவர்கள் முதலில் உன்னிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். பாகூரிலிருந்து, ஒதியம்பட்டிலிருந்து, கடலூர்ப் பக்கமிருந்தும் வருவார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடிப்பாய். முதலில் அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்ப்பாய், ஆட்டம் இருக்கிறதா என்று. பிறகு சுற்றுவாய், மிக மெதுவாக. "வேகமா சுத்துனா எல்லா ரீலும் நல்ல ரீலுதான் மச்சான். மெதுவா சுத்து, அப்பத்தான் உள்ள இருக்கறத சொல்லும்" என்பாய். தீர்ப்பு ஒரே வார்த்தை. வழுக்கிக்கொண்டு போனால் "நெய்யி". பல்சக்கரம் தேய்ந்து விரலில் நறநறத்தால் "பேசுது". தேய்மானம் தெரியாமலிருக்க கிரீஸை அப்பி, பார்க்கிறவனுக்கு மட்டும் வழவழவென்று இருந்தால் "தூங்குது". அந்த மூன்றாவதுதான் உனக்கு ஆகவே ஆகாது. தேய்ந்த ரீலை மன்னிப்பாய். தேய்ந்ததை மறைத்த ரீலைக் கையாலும் தொடமாட்டாய்.

அதோடு விடமாட்டாய். "சும்மா சுத்தறப்ப எவன்தான் ஒழுங்கா இருக்க மாட்டான்? கனம் வரட்டும்" என்பாய். கனம் நான்தான். தூண்டில் கழியில் மாட்டினால் கழியின் வளைவு குறையை மறைத்துவிடும் என்று ரீலை வெறும் கையில் பிடித்துக்கொள்வாய். நான் நூலின் முனையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு கடையிலிருந்து கரண்ட் கம்பம் வரைக்கும் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். மீன் முரட்டுத்தனமாக இழுக்கும்போது நூல் அறுந்துபோகாமல் ரீல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்குமே, டிராக், அது ஒரே சீராக விடுகிறதா என்று பார்ப்பாய். அப்புறம் என்னைக் கரைக்கு இழுப்பாய். எண்பத்தைந்து கிலோ மனிதன் நடுரோட்டில் நூலில் மாட்டிக்கொண்டு வருவதைப் பார்க்க டீக்கடையில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். "இன்னா கெழுத்தி, இன்னிக்கும் மாட்டிக்கினியா?" என்று கத்துவார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் அடுத்த ரீல் வந்ததும் "யாரு மீனு?" என்று நீ கேட்பாய், நான் கையை நீட்டுவேன்.

அப்புறம் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருவாய். மூன்று நாள் படுக்கை, நான்காம் நாள் கடை. என் தங்கை தடுத்துப் பார்த்தாள். "அங்க போனாத்தான் நான் ஆளு, இங்க இருந்தா பேசண்டு" என்று சொல்லிவிட்டு என் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்வாய். கம்பெனி வேலையை விட்டாகிவிட்டது. ஊர் உலகம் உன்னைக் கேட்டு வருகிற ஒரே விஷயம் இந்த ரீல்தான். எனக்கு அது தெரியும்.

மருந்து ஏற ஏற விரல் நுனி மரத்துப்போகும் என்று டாக்டர் சொன்னதை நீ யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அது நூல் வழியாகத்தான் தெரிந்தது. பாகூர்க்காரர் ஒருவர் கொண்டுவந்த ரீல். நான் கம்பத்தை நோக்கி நடக்கிறேன், நூல் என் கையில் விக்கி விக்கி வருகிறது. ஒரு பிடி, ஒரு விடு, ஒரு பிடி, ஒரு விடு. டிராக் வீணாகிப்போன ரீல். நீ கண்ணை மூடிக்கொண்டு "நெய்யி" என்றாய்.

வாயைத் திறந்து சொன்னால் நாலு பேர் முன்னால் உன் பேச்சு போய்விடும். பேசாமலிருந்தால் அந்த மனிதர் ஏமாந்துவிடுவார். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே நூலை இரண்டு தடவை வெடுக் வெடுக்கென்று இழுத்தேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். நான் கம்பத்தில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தேன். "இரு இரு" என்று மறுபடி சுற்றினாய். "பேசுது. இது ஒனக்கு வாணாம்பா" என்றாய்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கெட்ட ரீல் என்றால் மீன் இரண்டு தடவை வெட்டி இழுக்கும், நல்ல ரீல் என்றால் சாதுவாக வரும். நீ கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு சொல்வாய். இதைப் பற்றி நாம் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. ஒருத்தரும் ஏமாறவில்லை. உன் விரல் செத்துப்போனது டீக்கடைக்குத் தெரியவே தெரியாது. உண்மையைச் சொன்னால், அந்த நாலைந்து மாதங்களில் நான் என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்கூட.

பிறகு அந்த ஸ்கேன். டாக்டர் என்னையும் தங்கையையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். இனி மருந்து கேட்காது, மாதக் கணக்குதான் என்றார். வெளியே வந்து வராந்தாவிலேயே தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருகிட்ட சொல்லாத அண்ணா. தெரிஞ்சா அன்னிக்கே உடைஞ்சிடுவாரு." நான் வந்து உன்னிடம் சொன்னேன்: "கட்டி சுருங்கிக்கினு வருதாம் மாப்ள. ஒண்ணும் பயமில்ல." நீ "ஓ" என்றாய். வேறொன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் வீட்டுக்குக் கூப்பிட்டாய். உன் மடியில் உன் சொந்த ரீல் இருந்தது. தொட விடாமல் பன்னிரண்டு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தாயே, அதுவேதான். "ரொம்ப நாளா எடுக்கல. எப்புடி கீதுன்னு பாக்கலாம். மீனா நில்லு" என்றாய். நூலைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டி முருங்கைமரம் வரை போனேன். இரண்டடி வைப்பதற்குள் தெரிந்துவிட்டது. அது விக்கல்கூட இல்லை, நறநறவென்று அரைபட்டுக்கொண்டு வந்தது. ரீல் முடிந்துபோய்விட்டது. இரண்டு தடவை இழுக்க வேண்டும். கையைத் தூக்கினேன்.

நீ வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். சட்டை உன் உடம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. இதையும் இவனிடமிருந்து பிடுங்க வேண்டுமா என்று தோன்றியது. நான் இழுக்கவில்லை. சாதுவாக வந்தேன். நீ மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றி என்னை உன் முழங்கால் வரைக்கும் இழுத்தாய்.

"எப்புடி கீது?" என்றாய்.

"நெய்யி" என்றேன்.

நீ ரீலைக் கீழே வைத்தாய். "மீனு பொய் சொல்லுது மச்சான்" என்றாய். "நேத்து நான்தான் அதுக்குள்ள மணல போட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு ரீலின் திருகுகளைப் பார்த்தேன். தலையெல்லாம் கீறிப்போயிருந்தது. பிடிப்பது தெரியாத விரல்களை வைத்துக்கொண்டு அந்தப் பொடித் திருகுகளைக் கழற்றி மாட்ட உனக்கு ஒரு பகல் முழுக்க ஆகியிருக்கும். உயிராக வைத்திருந்த ரீலை உன் கையாலேயே கெடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். ரீலையா சோதித்தாய்?

"இத்தினி மாசமா ஒன் கையத்தான் என் கையா வெச்சிருந்தேன். அது எனக்காக பரிதாபப்படுதா, உண்மைய சொல்லுதான்னு தெரிஞ்சிக்கணும் இல்ல?" என்றாய். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. "இப்ப சொல்லு. ஸ்கேன்ல இன்னா வந்துச்சி?"

சொன்னேன். உள்ளே தங்கை பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சொல்லச் சொல்ல அந்தச் சத்தம் நின்றுபோனது. நீ கேட்டு முடித்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உடைந்துவிடுவாய் என்று பயந்தோமே, நீ உடையவில்லை. நான்தான் நடுவாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நீ உன் மரத்த கையை என் தலைமேல் வைத்து, "ரெண்டு தபா இழுத்திருந்தா போதுமேடா" என்றாய்.

தங்கை என்னோடு பத்து நாள் பேசவில்லை. ஆனால் உன்னோடு பேசினாள். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் பேசிப் பேசி அழுதீர்கள், சில நேரம் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்கூட வந்தது. கல்யாணமான புதிதில் அவளிடம் ஏதோ கோபமாகச் சொல்லிவிட்டாயாம், அதற்கு மன்னிப்புக் கேட்டாயாம். என்ன சொன்னாய் என்று அவள் என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள். "நீ சொல்லாம இருந்திருந்தா அந்த மனுஷன் என்கிட்ட ஒண்ணுமே சொல்லாம போயிருப்பாரு அண்ணா" என்று மட்டும் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு சொன்னாள். நான் சொன்னேனா? நீ என்னிடமிருந்து பிடுங்கினாய். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

கடைசியாக நாம் பேசிக்கொண்டது ஒரு காலை நேரம். நீ கண் திறக்காமல் படுத்திருந்தாய். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உன் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து உன் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"என் கைய புடிச்சிருக்கியா மச்சான்? எனக்கு தெரியல."

"புடிச்சிருக்கேன் மாப்ள."

நீ கண்ணைத் திறந்து பார்த்துச் சரிபார்க்கவில்லை. "சரி" என்றாய்.

என் பேச்சை நம்பி நீ சொன்ன அந்த ஒரு "சரி"தான் மாப்ளே என்னிடம் இருக்கிறது. அதை எங்கேயும் கீழே வைக்காமல் வைத்திருக்கிறேன்.