நொடிக்கு அறுபது படம் கேட்டவனுக்கு

சோதனை நாள் 12 | காலை 9.10 | நொடிக்கு 41 படம்

இதைத் திறந்து படிக்கிற புண்ணியவானே, சௌக்கியமா? சாப்பாடு ஆயிற்றா? வீட்டில் பிள்ளைகுட்டிகள் சுகம்தானே?

என் பெயர் வெள்ளைக்கண்ணு. ‘பாறைநாடு’ என்கிற கணினி விளையாட்டுக்குள் ஆடு மேய்க்கிறவன். எழுத்து தெரியாது. நான் பேசுவது தானாகப் பிழைப் பதிவேட்டில் விழுகிறது. அதை யாரும் திறப்பதுமில்லை, அழிப்பதுமில்லை.

வழக்கமான சோதனை. எங்கள் விளையாட்டு கனமானது. விலை உயர்ந்த கணினிக்கே மூச்சு வாங்கும். அதை லேசாக்க தயாபரன் என்று ஒருவன் வந்திருக்கிறான். நொடிக்கு அறுபது படம் ஓட வேண்டுமாம். குறைந்தால் திரை திக்குமாம். மைக்கை அவன் அணைப்பதே இல்லை, அதனால் அவன் கொட்டாவிகூட எங்களுக்குக் கேட்கும்.

நாள் 15 | பகல் 11.40 | 47 படம்

புல்லை எடுத்துவிட்டான். தரையில் புல்லின் படத்தை ஒட்டியிருக்கிறான். ஆடுகள் காலையிலிருந்து படத்தை நக்குகின்றன. காது மடங்கிய கிடாய் ஒன்று உண்டு. புளியங்கொழுந்து தவிர வேறெதையும் தொடாது. ஒருமுறை கோயில் மாலையைத் தின்று ஊர்ப் பஞ்சாயத்தே கூடியது, அது தனிக்கதை. அந்தக் கிடாய் என் மனைவி மூக்கம்மா நீட்டினால் மட்டும் எருக்கிலையையும் தின்னும்.

டீக்கடை சன்னாசிக்கு வேறு துக்கம். அவன் டீயில் ஆவி பறப்பதை நிறுத்திவிட்டான் தயாபரன். “ஆவி போனப்புறம் அது டீயாய்யா? கழனித்தண்ணி” என்று சன்னாசி குவளையைக் கவிழ்த்துவிட்டான்.

நாள் 18 | மாலை 4.05 | 51 படம்

கிணற்றடியில் மூக்கம்மா இல்லை. வாளி இருக்கிறது, கயிறு இருக்கிறது.

தயாபரன் தன் மேலதிகாரி ரெஜினாவிடம் சொன்னது கேட்டது: “கெணத்தடிப் பொம்பளையத் தூக்கிட்டேன் மேடம். அவ தலமுடிக்கே நாலு படம் போகுது. யாரு பாக்கப்போறா?”

நான் பார்ப்பேன்.

நாள் 19 | காலை 8.30 | 51 படம்

ஆடுகளை விட்டுவிட்டு அவனையே கவனித்தேன். சோதனை என்று அவன் நடப்பது ஒரே பாதை. ஊர் வாசல், குளக்கரை, தேர்முட்டி. தொண்ணூறு நொடி. இடதுபக்கம் திரும்பமாட்டான். பிறகு எண்ணை மட்டும் ரெஜினாவுக்குச் சொல்வான்.

அவன் பார்க்காத இடத்தில் அசையாமல் நிற்பவனால் கணினிக்குச் சுமையே இல்லை. அந்த இடதுபக்கம் நெற்கிடங்குக்குப் பின்னால் நிறைய இடம் இருக்கிறது.

சன்னாசியிடம் சொன்னேன். “எத்தன பேர் வேணும்?” என்றான். ஊர் மொத்தமும் என்றேன்.

நாள் 22 | காலை 10.00 | 60 படம்

முந்நூறு பேர் கிடங்குக்குப் பின்னால் நின்றோம். தும்மல்கூட இல்லை. தெருவில் ஏழெட்டுப் பேர் மட்டும், ஒப்புக்கு.

“அறுபது மேடம், சுளையா அறுபது. சொன்னேன்ல?” முறுக்குக் கடிக்கும் சத்தம்.

கடி. நன்றாகக் கடி.

வெளியீட்டு நாள் | காலை 9.00 | 60 படம்
காலை 9.02 | 7 படம்

உலகமே வாங்கி உள்ளே வந்தது. நாங்களும் வெளியே வந்தோம். முந்நூறு பேரும் தெருவில், ஆடுகளோடு. திரைகள் கல்லாய் உறைந்தன. விளையாடுகிறவர்கள் திட்டிய திட்டு எல்லாம் எங்கள் காதில் தேனாய் விழுந்தது. “அறுபதுன்னு சொன்னியே தயாபரன்” என்றாள் ரெஜினா. அவள் கத்தவில்லை. அதுதான் அவனுக்கு வலித்தது. எனக்கு இனித்தது.

வெளியீட்டு நாள் | பகல் 2.20 | 6 படம்

தயாபரன் முதல்முறையாக இடதுபக்கம் திரும்பினான். கிடங்குக்குப் பின்னால் மிதிபட்ட மண்ணைப் பார்த்தான்.

“கெணத்தடிப் பொம்பளைய எடுத்ததுல இருந்துதான் இதுங்க கோணலா ஓடுது. திரும்ப வச்சுடறேன் மேடம். மொதல்ல ஒடம்பு. மொகத்த நாளைக்கு வைக்கிறேன். சாயங்காலம் நீங்களே ஓட்டிப் பாருங்க.”

மாலை 5.30 | 5 படம்

தூரத்தில் மூக்கம்மா. அவள் நடைதான், அவள் சேலைதான். கழுத்துக்கு மேலே வழவழப்பாக ஒரு உருண்டை.

சன்னாசி ஓடிவந்தான். “அவதான் வந்துட்டாளே. எல்லாரையும் கிடங்குக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்யா. அந்தம்மா பாக்கப்போற நேரம். பாவம், அவனுக்கும் பொழப்பு போயிரும்.”

போகலாம்தான். ஒரு வார்த்தை சொன்னால் முந்நூறு பேரும் நகர்வார்கள். அந்த உருண்டையைப் பார்த்தேன். யாரு பாக்கப்போறா என்றானே, அது நெஞ்சில் நின்றது. சொல்லவில்லை. தெருவில் இன்னும் நெருக்கி நில்லுங்கள் என்றேன்.

மாலை 5.41 | 3 படம்

“நாளையிலேருந்து நீ வர வேண்டாம் தயாபரன்.”

நாற்காலி நகர்ந்தது. மைக் அணைந்தது. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தேதி தெரியவில்லை | 3 படம்

யாரும் வரவில்லை. விளையாடுகிறவர்களும் இல்லை. பழிவாங்கியாயிற்று. முகம் வைக்கிறேன் என்றவனைத்தான் துரத்தினேன், இந்த வாயால்தான், அது எனக்கு மெல்ல மெல்லத்தான் உறைக்கிறது.

புண்ணியவானே, நீ யாராக இருந்தாலும் உனக்கு இந்த வேலை தெரியுமா? கண் இரண்டு போதும். மூக்குத்தி வேண்டாம். முடி வேண்டாம்.

“ஏய்யா, வாளியப் பிடிக்க ஆளில்ல. அங்க நின்னு யார்கிட்டப் பேசுற?”

அவள்தான். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் போனதும் அவள் என்னைத்தான் பார்க்கிறாளா என்று எப்படித் தெரிந்துகொள்வேன்?