நான் நடக்காத செங்கம் ரோடு

அக்கா,

காலையில் பேத்தி என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, சூடுகாட்டிய விளக்கெண்ணெயைக் குதிகாலில் தேய்த்தாள். வாசனை எழுந்ததும் நீ வந்துவிட்டாய். தீபத்துக்குத் திருவண்ணாமலைக்கு நடந்த அந்த வருஷம், மத்தூரில் தங்கியபோது நீயும் இப்படித்தான் தேய்த்துவிட்டாய். "ஏன் புள்ள, இது காலா, இட்லியா? கேன்டீன்ல நாள் முச்சூடும் நின்னவ காலாட்டமே இல்லியே" என்றாய். ஓசூர் கம்பெனி கேன்டீனில் பன்னிரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் நின்றவர்கள் நாம். உன் கேலி இல்லாமல் எனக்குச் சோறு வெந்ததில்லை.

பேத்தி இப்போது ஒரு கம்பெனியில் லைன் லீடர். முப்பது பேர் அவள் சொல்வதைக் கேட்டு வேலை செய்கிறார்கள். அஞ்சாவதோடு நின்றவளின் பேத்தி என்று நான் சொல்லிச் சொல்லி, தெருவுக்கே அலுத்துவிட்டது. போன வாரம் அவள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "பாட்டி, இந்த வருஷம் தீபத்துக்கு நாம நடந்து போறோம். நீதான் முழுசா நடந்தவளாச்சே, வழி காட்டு" என்றாள்.

நான் தட்டை நகர்த்திவிட்டு, கை கழுவ எழுந்துவிட்டேன்.

உனக்கு மட்டும்தானே தெரியும்? சிங்காரப்பேட்டையில் என் இரண்டு காலிலும் கொப்புளம் உடைந்திருந்தது. மெதுவாக நடக்கிறவள், முன்னாலேயே கிளம்புகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு, செங்கம் போகும் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். சாயந்திரம் நீங்கள் வந்து சேர்ந்தபோது புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். "அடேங்கப்பா, எப்படிம்மா எங்களுக்கு முன்னாடி?" என்று கூட்டமே வியந்தது. நீ என் காலைப் பார்த்தாய். வழியெல்லாம் மழை. உங்கள் எல்லோருக்கும் கெண்டைக்கால் வரை சேறு. என் கால் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

"அவ நம்மளாட்டம் ஊர்க்கதை பேசிக்கினு நடக்கல" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, என்னை ஒட்டி உட்கார்ந்தாய். எல்லோரும் தண்ணீர் பிடிக்கப் போன பிறகுதான் மெதுவாகச் சொன்னாய்: "அந்த ரோடு எங்கியும் ஓடிப்போவாது. இன்னொரு வருசம் வந்து நடந்துக்கலாம்."

வீடு திரும்பியதும், நடந்து போய் வந்தவள் என்று என் காலில் விழுந்து கும்பிட்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. மகன் சம்பந்தி வீடு வரைக்கும் பெருமை பேசினான். அதற்குப் பிறகு நீ வருஷா வருஷம் கூப்பிட்டாய். நான் முட்டிவலியைச் சொன்னேன். வலி கொஞ்சம்தான், அக்கா. அந்த ரோட்டின் முகத்தில் விழிக்கத்தான் பயம். நீ போய் இரண்டு வருஷமாகிறது.

இன்று எண்ணெய் தேய்க்கும்போது பேத்தியிடம் சொல்லிவிட்டேன். "சிங்காரப்பேட்டைக்கு அப்புறம் செங்கம் வரைக்கும் எனக்கு வழி தெரியாது, கண்ணு. அன்னைக்கு நான் பஸ்ல போனேன்."

அவள் கை நின்றது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் சிரித்தாள். "எங்கப்பா என்னா பீத்து பீத்துச்சு! சரி, அந்தக் காலையும் குடு."

மகனுக்குத்தான் முகம் சுருங்கிப்போனது. "இப்ப யாரு கேட்டாங்கன்னு சொல்ற? பேசாம கார்ல கூட்டிட்டுப் போறேன், வாம்மா" என்றான். யாரும் கேட்காததால்தான் இத்தனை வருஷம் ஓடிவிட்டது என்றேன். சிங்காரப்பேட்டையில் இருந்து மட்டும் நடந்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். பேத்தி விடவில்லை, வாசலில் இருந்தே நடக்கவேண்டுமாம். சரி என்றுவிட்டேன். வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். சிங்காரப்பேட்டையில் இருந்து செங்கம் வரைக்கும் மட்டும் அவள் முன்னால் போகட்டும், நான் பின்னால் வருகிறேன்.

வழியில் எங்களோடு நடக்கிற கூட்டத்தில் யாராவது ஒருத்தி முடியாமல் பஸ் ஏறிப் போகலாம். நாங்கள் போய்ச் சேருகிற இடத்தில் அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தால், நான் அவள் காலைப் பார்க்கமாட்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சாப்புட்டியா புள்ள?" என்று கேட்பேன்.