செவ்வாய்க்கிழமை காணாமல் போன படம்

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். திட்டுவதைக்கூட நல்ல தமிழாக்கிவிடுகிறாள், சூட்டை நீயே கூட்டிப் படித்துக்கொள்.

எரிச்சல் தாங்கவில்லையடா. எங்கள் சோதனைத் தளத்தில் பீரங்கிக் குண்டு பறப்பதை ஃபிலிமில் எடுத்து, கழுவி, காயவைத்து, அது நேராகப் போனதா தள்ளாடியதா என்று சொல்ல இரண்டு நாளாகிறது, டிஜிட்டல் கேமரா வாங்குங்கள் என்று ஒன்பது வருஷம் கெஞ்சியவள் நான். போன வாரம்தான் வந்தது. மாட்டியது புதிதாகச் சேர்ந்த பெண், கெட்டிக்காரி, ஆனால் ஓயாமல் பேசுவாள். செவ்வாய்க்கிழமை முதல் சோதனை. குண்டு போனது, திரையில் வெறும் கறுப்பு. அந்த ஒரு குண்டைச் செய்ய நான்கு மாதம்! மேலதிகாரி எல்லார் முன்னாலும், "பொம்மை வாங்கிக் குடுத்தா இப்படித்தான், பழைய கேமராவையே மாட்டுங்க" என்று கத்திவிட்டு, அவளிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். நாளை பத்து மணிக்குள் தர வேண்டும். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, போனால் போனதுதான். உன் அப்பாவோ, "உனக்கென்ன, நீயா மாட்டுனே?" என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் உன் தங்கை பேனாவை நிறுத்தி, எடுத்த படம் எங்கேம்மா இருக்கும் என்றாள். கேமராவுக்குள்ளேயே இருக்கும், கம்ப்யூட்டருக்கு மாற்றும்வரை கரண்ட் போகக் கூடாது, போனால் அழிந்துவிடும் என்றேன். "அப்போ கரண்ட்டை யாரும்மா நிறுத்துனது?" என்றாள். ஃபிலிம் கேமரா கண் இமைப்பதற்குள் ஒரு சுருளைத் தின்றுவிடும், அதனால் இருபத்திரண்டு வருஷமாக வெடிச்சத்தம் கேட்டவுடன் என் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். அன்றைக்கும் போயிருக்கிறது. "அக்கா, சத்தம் கேட்டாலும் எதையும் தொட்டுடாதீங்க" என்று அந்தப் பெண் இரண்டு தடவை சொன்னாள். எனக்கே சொல்லித் தருகிறாயா என்று முறைத்தேன்.

நாளை ஒன்பது மணிக்கே என் கடிதம் அதிகாரி மேசையில் இருக்கும். அப்படியும் பழைய கேமராவைத்தான் மாட்டுவேன் என்று அவர் சொன்னால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். நீ பல் டாக்டரைப் பார்த்தாயா இல்லையா என்று பதில் போடு, மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். எங்கிருந்தாலும் நன்றாக இரு, நூறு வயது இரு. நாளைக்கு அங்கே எழுத வேண்டியதை இங்கே ஒரு தடவை எழுதிப் பழகிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கரண்ட்டை நிறுத்தியவள்,
உன் அம்மா.