கம்பெனி மொட்டைமாடி

15 மே 2006, திங்கள்

பனியன் ஆர்டர் விஷயமாக பாரிஸ் போகும் மகன் என்னையும் அழைத்துப் போகிறான். பார்க்க வேண்டிய இடங்களை இன்று முடிவு செய்தோம். அங்குள்ள பெரிய மாதா கோவிலின் கோபுரத்தை மட்டும் வேண்டாம் என்றான்.

"படி அதிகமுங்கம்மா. உங்க முட்டி தாங்காது."

"உன் கம்பெனி மொட்டைமாடிக்கு இப்பவே ஏறிக் காட்டட்டுமா?"

கைப்பிடியைத் தொடாமல் ஏறிவிட்டேன். இறங்கத்தான் முடியவில்லை. துணி வெட்டும் கட்டிங் ஆட்கள் இருவர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. "பாத்துங்க சாமி" என்றது ஒரு குரல்.

இரவுச் சாப்பாட்டில் நானே பேசினேன். "சக்கர நாற்காலிக்குச் சொல்லி வை. கோபுரம் வேண்டாம். கோவிலுக்குள்ளே, பள்ளியில் சிஸ்டர் படம் காட்டிய அந்த வண்ணக்கண்ணாடி ஜன்னலுக்கு நேராக என்னை விட்டுவிட்டு, நீ கொஞ்சம் தள்ளிப் போய் நில்."

"சரிங்கம்மா" என்றான், தட்டைப் பார்த்தபடி.