முதல் சீனி

மருத்துவப் பதிவேடு
தெற்குப் பனிச்சுரங்கக் குடியிருப்பு, செவ்வாய்
எழுதுபவர்: டாக்டர் ஜெபமலர்

நாள் 604. 08:15

குடியிருப்பில் 164 பேர். காற்று, அழுத்தம், குடிநீர் அளவுக்குள். காலையில் வந்தவர்கள் ஐந்து பேர்: கால் பிசகியவர் ஒருவர், பல்வலி இருவர், வேலைக்குப் போக மனமில்லாதவர் இருவர். கடைசி இருவருக்கும் வெந்நீர் கொடுத்து அனுப்பினேன்.

நேற்று இறங்கிய சரக்குக் கப்பலின் சுமையாட்கள் மூவருக்குக் காய்ச்சல். உதட்டில் லேசான நீலம். இப்படி ஒரு காய்ச்சலை நான் படித்ததும் இல்லை, பார்த்ததும் இல்லை. தனியறையில் வைத்திருக்கிறேன். கப்பலில் வந்த பெட்டியில் சோதனைக் குச்சிகள் 40 இருக்கின்றன.

இன்னும் ஒன்பது நாளில் கபடி. ஊரே அதைத்தான் பேசுகிறது. உணவுக்கூடத்தில் யாரும் தேநீருக்குச் சீனி போடுவதில்லை. பங்கீட்டில் கிடைக்கும் பொட்டலத்தை ஆட்டம் முடிகிற நேரத்துக்கென்று பத்திரப்படுத்துகிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு நல்லதுதான்.

நாள் 607. 11:40

சுமையாட்களில் ஒருவர் இறந்தார். நான்காம் நாள் மூச்சு அடைத்துவிட்டது. நம்மவர்கள் ஐந்து பேருக்குத் தொற்று. ஐவரும் சரக்கு இறக்கப் போனவர்கள். மூச்சில் பரவுகிறது, சந்தேகமில்லை.

ஆட்டத்தை ரத்து செய்யப் போவதாக மேலாளர் குலசேகரனுக்கு எழுதினேன். நோய்க் காரணத்துக்கு என் கையெழுத்து ஒன்றே போதும். உள்தொடர்பில் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, போடுங்க, நான் தடுக்கல. போட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்லா? ஆட்டம் நடக்கலன்னா பழைய முடிவுதான் நிக்கும். கீழ கெடக்கவன் இன்னொரு வருசம் கீழதான்."

இதைக் கண்டெடுப்பவருக்குச் சொல்லிவிடுகிறேன். இங்கே மேல்தளம், கீழ்தளம் என்று இரண்டு. கீழ்தளம் தொள்ளாயிரம் மீட்டர் ஆழம். பனிக்கூரை எப்போது விழும் என்று தெரியாது. இந்த வருடம் மட்டும் நான்கு பேர் நசுங்கினார்கள். யார் கீழே இறங்குவது என்பதில் முதல் வருடம் கத்தி எடுத்தார்கள். அதன்பிறகு கபடி வந்தது. ஜெயித்த அணியின் ஆட்கள் எல்லாரும் மேலே, தோற்ற அணி கீழே, ஒரு வருடத்துக்கு. செவ்வாய் வருடம் பூமிக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு; இந்தப் பதிவேட்டின் நாள் எண் நடப்புச் செவ்வாய் வருடத்துடையது. பன்னிரண்டு ஆட்டம் முடிந்துவிட்டது, கத்தி வெளியே வரவில்லை. விளையாட்டு என்று பெயர்தான்.

தள்ளிவைக்கலாமே என்று கேட்டேன். கீழணித் தலைவர் பேச்சிமுத்து இடையில் புகுந்தார்.

"நாங்க சம்மதிச்சிருவோம் டாக்டர். கூரை சம்மதிக்கணும்லா? குறிச்ச நாள் தாண்டிச்சுன்னா ஒருத்தனும் இறங்க மாட்டான். பொறவு தண்ணிக்கு என்ன செய்வியன்னு நீங்களே பாத்துக்கிடுங்க."

கீழ்தளத்தில் பனி வெட்டாவிட்டால் தண்ணீர் இல்லை. அந்தத் தண்ணீரைப் பிரித்துத்தான் காற்றும்.

நாள் 608. 17:05

தொற்று ஏழு. இரண்டாவது சுமையாளும் போய்விட்டார்.

கையெழுத்துப் போடவில்லை. பதிலாக ஒன்பது விதிகள் எழுதினேன். பார்வையாளர் கிடையாது. எல்லாரும் அவரவர் அறைத் திரையில் பார்க்க வேண்டும். முந்தைய நாள் பதினான்கு வீரர்களுக்கும் நடுவருக்கும் சோதனை. அறிகுறி தெரிந்தால் வெளியே. முகக்கவசம் கேட்டேன், பாடுவது நடுவர் காதில் விழாது என்றார்கள். ஒரே மூச்சில் பாடிக்கொண்டு ஏழு பேர் நடுவே போய் வரும் ஆட்டம் இது. மூச்சில் பரவும் நோய்க்கென்றே கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் விட்டுக்கொடுத்தேன்.

என் தம்பி ஆரோன் கீழணியின் ரைடர், பாடிப் போகிறவன். பதிவேட்டுக்குத் தேவையான தகவல் என்பதால் குறிக்கிறேன். பனி வெட்டும்போது பறக்கும் கல்துகளைப் பனித்தூசி என்பார்கள்; அது இப்போதே அவன் நுரையீரலில் இருக்கிறது. எடுத்த படம் என் மேசையில். இன்னொரு வருடம் அவன் தாங்கமாட்டான்.

அவன் மேலணியில் இருந்திருந்தால் ரத்து செய்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் உடனே வந்தது. அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு விதிகளைத் தட்டச்சு செய்தேன்.

நாள் 613. 16:30

ஆட்டம் விதிப்படி நடந்தது. மைதானத்தில் வீரர்கள், நடுவர், நான். வீரர்கள் அனைவரும் நலம். முந்தைய நாள் சோதனையில் தொற்று யாருக்கும் இல்லை.

கீழணி 31, மேலணி 30. கடைசி ரைடு ஆரோனுடையது. இருபத்தெட்டு விநாடி பாடினான். இங்கே எடை குறைவு. மூன்று பேர் தலைக்கு மேல் தாவிக் கோட்டைத் தொட்டான். வெறிச்சோடிய மைதானத்தில் அவன் குரல் மட்டும் சுவரில் மோதித் திரும்பியது. கீழ்தளத்தார் எழுபது பேரும் மேலே வருகிறார்கள்.

முடிவு: தகுந்த கட்டுப்பாடுகளுடன், பார்வையாளர் இல்லாமல், போட்டியை நடத்த முடியும். அறிக்கையும் ஒன்பது விதிகளும் வழக்கப்படி கிழக்குக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டன. அங்கும் இதே ஆட்டம், இதே வழக்கம்.

நாள் 616. 07:50

ஆரோனுக்குக் காய்ச்சல் 39.4. மேலணியில் நான்கு பேருக்கு, கீழணியில் ஆறு பேருக்கு. நடுவருக்கும்.

அது எதிர்பார்க்கக் கூடியது. மீதி இருபத்திரண்டு பேர் ஆட்டக்காரர்களே இல்லை. சமையற்காரர், மின்பணியாளர், கணக்கர்.

புழுதிக்காற்று நேற்றிலிருந்து. வெளிக்கோபுரம் ஆடுகிறது.

நாள் 618. 13:20

தொற்று 97. படுக்கை 12. உணவுக்கூடத்துத் தரையில் போர்வை விரித்திருக்கிறோம். மேலாளர் குலசேகரன் காலையில் இறந்தார். கடைசிவரை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நாள் 613 பதிவில் திருத்தம். நான் பொய் எழுதினேன். விட்டு எழுதுவதும் பொய்தான்.

ஒன்று. ஆட்டத்தன்று 09:40க்கு ஆரோன் கூப்பிட்டான். ஒலிப்பதிவு இருக்கிறது: "அக்கா, தொண்ட லேசா அரிக்கி. பனித்தூசிதான். நீ பெருசு பண்ணாத, என்னா?" சோதனைக் குச்சி மிச்சம் இருந்தது. என் சட்டைப்பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும்.

இரண்டு. சீனி. ஜெயித்த ரைடர் வாயில் எல்லாரும் ஒரு சிட்டிகை சீனி போட வேண்டும், தோற்றவர்களும். போடாதவன் மனதில் பகை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். கத்தியை நிறுத்தியது கபடி அல்ல, அந்தச் சீனிதான் என்று இங்கே சொல்வார்கள். ஆட்டம் முடிந்ததும் கதவைத் தட்டினார்கள். அறைத் திரையில் பார்த்தவர்கள் எல்லாரும் பொட்டலத்தோடு வெளியே நின்றார்கள். என் ஒன்பது விதிகளில் சீனியைப் பற்றி ஒரு வரி கிடையாது. பார்வையாளர் வரக் கூடாது என்றுதான் எழுதியிருந்தேன். ஆட்டம் முடிந்தபின் யார் பார்வையாளர்?

பேச்சிமுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்: "டாக்டர் சொன்னாத்தான் தொறப்பேன்."

திற என்றேன். ஏழு பேருக்குக் காய்ச்சல் என்று தெரிந்து, தம்பிக்குத் தொண்டை அரிக்கிறது என்று தெரிந்து, திற என்றேன். அவன் மேலே வரப் போகிறான் என்ற சந்தோஷத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. நூற்று நாற்பது கைகள் ஒரு வாய்க்குப் போய், பிறகு அவரவர் வாய்க்குத் திரும்பின. மிச்சச் சீனியை விரலில் நக்குவது வழக்கம்.

முதல் சீனி ரத்த உறவு போட வேண்டும். நான் போட்டேன். விரலை நக்கினேன். இனித்தது.

இந்தத் திருத்தம் கிழக்குக்கும் அனுப்பப்படுகிறது. அவசரம் என்று குறித்திருக்கிறேன்.

நாள் 621. 10:00

ஆரோன், வயது 26. ஐந்தாம் நாள் கழிந்து ஆறாம் நாள் காலை மூச்சு அடைத்துவிட்டது. நேற்று அவன் படுக்கை ஒலிவாங்கியில் பதிந்தது: "அக்கா, மேல்தளத்துல சன்னல் இருக்காமே. நெசமாவா?"

இருக்கிறது. படுக்கையை அங்கே தள்ளிக்கொண்டு போனேன். புழுதிக்காற்றில் ஒன்றும் தெரியவில்லை. சிவப்பாக ஒரு சுவர். நல்லா இருக்கி என்றான்.

இறந்தவர்கள் 41. நிற்கக் கூடியவர்கள் 16. எழுபது பேரை மேலே கொண்டுவந்தேன், அதில் 19 பேர் போய்விட்டார்கள். கூரை ஒரு வருடத்தில் நான்கு பேரைத்தான் எடுத்தது.

எனக்கு 38.7.

நாள் 624. 09:15

கிழக்கிலிருந்து செய்தி. டாக்டர் ரஹீமா, என்னிடம் பயிற்சி பெற்றவள். அப்படியே:

"ஜெபாக்கா, எப்படி இருக்கியோ? பத்து நாளா உங்ககிட்டருந்து சத்தமே இல்லியே. இங்கயும் மூணு பேருக்குக் காய்ச்சல், உதடு நீலம். ஆட்டத்த நிறுத்திருவமான்னு ரெண்டு நாளு ஒரே சண்ட. பொறவு உங்க அறிக்கைய எல்லாருக்கும் வாசிச்சுக் காமிச்சேன். நீங்களே நடத்தி, ஒண்ணும் ஆவலன்னு இருக்கு. அதான் தைரியம் வந்துச்சு. ஒம்பது விதியும் அப்படியே வச்சிருக்கோம். நாளைக்கு மூணு மணிக்கு ஆட்டம். துவா செய்யுங்கக்கா."

சத்தமே இல்லையா? வெளிப்பெட்டியைப் பார்த்தேன். 618ஆம் நாள் திருத்தம் அங்கேயே கிடக்கிறது. அனுப்பப்படவில்லை. வெளிக்கோபுரத்தில் செய்தி அனுப்பும் ஆண்டெனாத் தட்டு புழுதிக்காற்றில் திசை திரும்பிவிட்டது. வருவது வருகிறது, போவது போகவில்லை. ஆறு நாளாக யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய இருவரும் உணவுக்கூடத்துத் தரையில்.

போன செய்தி ஒன்றுதான். பொய்.

நாள் 624. 15:30

தட்டைத் திருப்பக் கோபுரத்துக்குப் போக வேண்டும். பேச்சிமுத்து கூட வருகிறேன் என்றார். எழுந்து நின்றார், உட்கார்ந்தார், பிறகு எழவில்லை. தட்டின் மோட்டாரைக் கையால் திருப்பும் முறையை மட்டும் சொன்னார். "எடஞ்சுழி டாக்டர். வலஞ்சுழி திருப்புனீயன்னா ஒடிஞ்சிரும்."

புழுதிக்காற்று காலைக்குள் தணியும் என்கிறது கருவி. இப்போது போனால் கோபுரம் வரைகூடப் போக முடியாது. என் உதட்டைக் கண்ணாடியில் பார்த்தேன். நீலம்.

நாள் 625. 13:50 (குரல் பதிவு, வெளியுடை)

வெளியே இருக்கிறேன். முந்நூறு மீட்டர். பத்தடிக்கு ஒரு தரம் உட்காருகிறேன். இன்றைய கணக்கில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது, எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

14:35

கோபுரம். ஏணி பதினெட்டுப் படி. ஆரோன் தாவியே ஏறியிருப்பான்.

14:52

இடஞ்சுழி. நகர்கிறது. மணல் கரகரக்கிறது. இன்னும் ஒரு கை.

14:58

பச்சை விளக்கு. அனுப்பினேன். திருத்தத்தை முழுதாக அனுப்ப நேரமில்லை, வாயால் சொன்னேன்: ரஹீமா, ஆட்டத்தை நிறுத்து. அறிக்கை பொய். இங்கே பாதிப்பேர் செத்துவிட்டார்கள். கதவைத் திறக்காதே. சீனி போட விடாதே. இரண்டு தரம் சொன்னேன்.

14:59

பதில் வந்தது. தானியங்கி.

"உங்கள் செய்தி கிடைத்தது. டாக்டர் ரஹீமா மைதானப் பணியில் இருக்கிறார். விதி எட்டின்படி மைதானத்துக்குள் தொடர்புக் கருவிக்கு அனுமதி இல்லை. ஆட்டம் முடிந்ததும் பார்ப்பார்."

விதி எட்டு. ஆம். கருவியைக் கைமாற்றிக் கைமாற்றித் தொற்று பரவும் என்று நான்தான் எழுதினேன்.

15:10

திரும்ப அனுப்பினேன். மேலாளர் எண், சமையலறை எண், கதவுக் காவல் எண். எல்லாரும் திரைமுன்னே. யாரும் எடுக்கவில்லை.

15:48

இறங்க முடியவில்லை. தேவையும் இல்லை. பொது அலைவரிசையில் ஆட்டத்தை ஒலிபரப்புகிறார்கள். தெளிவாகக் கேட்கிறது. கடைசி ரைடு. பையனின் பெயர் காதில் விழவில்லை. கூட்டத்தின் சத்தமே இல்லை, விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். அவன் குரல் மட்டும்.

கபடி கபடி கபடி கபடி

எண்ணுகிறேன். இருபத்தாறு. இருபத்தேழு. நல்ல மூச்சு. ஆரோனை விட

15:50

ஜெயித்துவிட்டான்.

ரஹீமா, கருவியைப் பார். ஒரு தரம் பார்

15:53

கதவு திறக்கும் சத்தம். நிறையக் காலடிகள். பொட்டலம் கிழிக்கிறார்கள். ரஹீமாவின் குரல், சிரித்துக்கொண்டு:

"வரிசையா வாங்க. தள்ளாதீங்க. எல்லாரும் போடலாம்."