அண்ணன் சொல்லாத ஆமாம்

ஜூன் 4, செவ்வாய்

திருநீற்றை அழித்தேனாம். நான் முகத்தைத்தான் துடைத்தேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அண்ணனுக்கு வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் வழிந்து காய்ந்து கிடக்கிறது. ஈரத்துணியால் துடைக்கும்போது நெற்றியையும் துடைப்பது குற்றமா? தேத்தண்ணி வாங்கப் போயிருந்த அண்ணி திரும்பி வந்ததும், ஆஸ்பத்திரி வாட்டுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். "சக்தி, ஒன் சாமிக்கு இந்த நெத்தியில என்ன வேல?" பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திருடியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள்.

பதுளையிலிருந்து லுணுகலை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பசறையில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

அண்ணன் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் விழுந்த அன்று அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? பாஸ்டர் ஜீவன். கொட்டுகிற மழையில், தன்னுடைய த்ரீவீலில். அன்றைக்கு அண்ணிக்கு வேதக்காரர்கள் கசக்கவில்லை.

ஜூன் 8, சனி

அண்ணன் ஏற்றுக்கொண்டார்!

அண்ணி மருந்து வாங்கக் கீழே போன நேரம். அண்ணனின் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். பேச்சுத்தான் இல்லை, கண் என்னையே பார்த்தது. "அண்ணே, யேசப்பாவ ஒன் சாமியா ஏத்துக்கிறியா? ஆமான்னா என் கைய அமுக்கு." அமுக்கினார். நல்ல பலமாக, மோதிரம் விரலில் அழுந்தும்படி அமுக்கினார்.

வெராண்டாவுக்கு ஓடிப்போய் பாஸ்டருக்கு போன் பண்ணினேன். அழுதுகொண்டே சொன்னேன். என் வீட்டுக்காரர் செத்தபோது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தரும் எட்டிப் பார்க்காத வாரங்களில் வந்து அடுப்பு மூட்டித் தந்தவர்கள் இந்தச் சபைக்காரர்கள். அவர்களுக்கு நான் கொண்டுபோய்க் கொடுக்க இன்றைக்கு ஒன்று கிடைத்தது.

அண்ணியிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டைதான்.

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனையில் பாஸ்டர் அறிவித்தார். என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். சாப்பிடும்போது சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான் இருக்கும்.

ஜூன் 12, புதன்

விடியற்காலை அண்ணன் போய்விட்டார்.

ஜூன் 13, வியாழன்

நடந்ததை எழுதுகிறேன்.

லயத்து முற்றத்தில் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது சபை ஆட்கள் வெள்ளை உடுத்து வந்து நின்றார்கள். பாஸ்டர், கொழும்பிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன் துஷாந்திடம் தன்மையாகத்தான் பேசினார். "தம்பி, அப்பா கர்த்தருக்குள்ள போயிருக்காரு. நம்ம முறப்படி அடக்கம் பண்றதுதான் அவருக்கு மரியாத."

"யாரு சொன்னா ஒங்களுக்கு?" என்றான் துஷாந்த்.

பாஸ்டர் என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். தப்பு நின்றது.

"ஆமா. நான் கேட்டேன். என் கைய அமுக்கினாரு" என்றேன்.

அண்ணி பிணத்தின் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். தலை அவிழ்ந்து கிடந்தது. "கைய அமுக்குனாரா? எங் கையையும்தாண்டி அமுக்குனாரு. தண்ணி வேணுமான்னேன், அமுக்குனாரு. வேணாமான்னேன், அதுக்கும் அமுக்குனாரு. மருந்து குடுக்க வந்த நர்ஸோட கையயும் அமுக்குனாரு. அவங்களும் வேதத்துக்குத்தான் கூப்புட்டாங்களா?"

துஷாந்த் கத்தவில்லை. அதுதான் இன்னும் மோசம். "அத்த, அவரு வாய் பேசுன காலத்துல ஒங்க சபைக்கு ஒரு நாளாச்சும் வந்தாரா? வாய் போனதுக்கப்புறம் வந்து பேசுறீங்களே."

தோட்டத் தலைவர் நடுவில் வந்து, "பாஸ்டர், இப்ப போயிருங்க, பிரச்சின வேணாம்" என்றார். அவர்கள் போனார்கள். நான் எங்கே போவது? நான் இருக்கிற காம்பராவும் அதே லயத்தில்தானே. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, என் கூடப் பிறந்தவரைத் தூக்கிப் போகிற சத்தத்தைக் கேட்டேன். ஒரு பிடி மண் போடவில்லை. போடவிடவில்லை அவர்கள். பாவிகள்.

ஜூன் 14, வெள்ளி

எல்லார் மேலும் கோபம். தாய்மார் வேலைக்குப் போனதும் நான் பிள்ளை பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் ஒன்றரை வயசுக் குழந்தை அழுததற்கு அதட்டிவிட்டேன். அது மிரண்டுபோய் வாயை மூடிக்கொண்டது.

ஜூன் 16, ஞாயிறு

பாஸ்டரின் இன்றைய பிரசங்கம் முழுக்க எங்கள் வீட்டுக் கதை. இரட்சிக்கப்பட்ட ஆத்துமாவை மாரியம்மன் கோயில்காரர்கள் அபகரித்துக்கொண்டார்களாம். "அந்த மனைவி விஜயலெட்சுமியின் இருதயம் கல்லு. புருஷன் பரலோகத்துல, அவங்க எங்க போவாங்க?" என்று கேட்டார். சனம் "அக்கினிக்கு" என்றது. பேரைச் சொன்னார்! தாலி கழற்றி நாலு நாள் ஆகாத பொம்பிளையின் பேரை. ஒரு பையன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்குள் அது பேஸ்புக்கில்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் அண்ணியை நரகத்துக்கு அனுப்ப இவர் யார்? வேலைக்குப் போய் வந்த ஈரச் சேலையோடு எனக்குச் சோறு போட்ட கை அது.

அந்தப் பேரை அவர் வாயில் போட்டது யார், சிவசக்தி?

ஜூன் 18, செவ்வாய்

சரி. எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை நான் அண்ணனிடம் ஒரு தடவை கேட்கவில்லை. மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை கேட்டதும் அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். இழுக்கப் பலம் இல்லாத கை, ஆனாலும் இழுத்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். நான் அந்தக் கையைத் திரும்பவும் எடுத்தேன். இரண்டாம் தடவை ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை அமுக்கினார். விடு என்று அமுக்கினாரா, வலிக்கிறது என்று அமுக்கினாரா, அண்ணி சொன்ன மாதிரி சும்மா அமுக்கினாரா? எனக்குத் தெரியாது. தெரியாது என்பது அப்போதே எனக்குத் தெரியும். வெராண்டாவுக்கு ஓடும்போதே தெரியும்.

திருநீறும் அப்படித்தான். எச்சில் வாயில் இருந்தது. துணியை நெற்றியில்தான் முதலில் வைத்தேன்.

இத்தனை நாள் அண்ணி மேல் கோபம், துஷாந்த் மேல் கோபம், பாஸ்டர் மேல் கோபம். இந்தக் கோபமெல்லாம் எதற்கு? இதை எழுதாமல் இருக்கத்தானே?

கர்த்தர் வாசலில் நின்று தட்டுகிறவர் என்று பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் தட்டவில்லை. நடக்க முடியாத மனுஷனின் சன்னலுக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் திறக்கப் பார்த்தேன். அதற்கு ஊழியம் என்று பேர் வைத்தேன். சீ.

விசுவாசத்தை விடவில்லை ஆண்டவரே. எனக்கு என் மேல்தான் குமட்டுகிறது.

ஜூன் 20, வியாழன்

வேலை முடிந்து பாஸ்டர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அக்கா, துக்கத்துல சாத்தான் இப்பிடித்தான் மனச கொழப்புவான். அவரு கடைசில அமுக்குனாரு இல்லையா? அது போதும்" என்றார்.

"அந்த வீடியோவ எடுத்துருங்க பாஸ்டர்."

"மொனராகலையில இருந்தெல்லாம் போன் பண்றாங்கக்கா. நெறைய பேரு கர்த்தரால தொடப்பட்டிருக்காங்க. இப்ப எடுத்தா சபைக்கு அவமானம்."

"பொய்யால தொடப்பட்டா?"

"பொய்யின்னு சொல்லாதீங்க. நிச்சயமில்லன்னு சொல்லுங்க. நிச்சயமில்லாதத எதுக்கு வெளிய சொல்லணும்?"

எழுந்தேன். என்னைத் தாங்கிய மனுஷர். அந்த நன்றிதான் என்னைக் கட்டிப்போட்டது. வாசல் வரை வந்து, "ஜெபம் பண்ணுங்க" என்றார். ரோட்டுக்கு ஏறி வந்த பிறகுதான் கோபம் வந்தது. நிச்சயமில்லாததை வெளியே சொல்லித்தானே இத்தனையும் நடந்தது!

ஜூன் 23, ஞாயிறு

சாட்சி நேரத்தில் கையைத் தூக்கினேன். பாஸ்டர் வேறு பக்கம் பார்த்தார். நானே எழுந்து போய் மைக்கை எடுத்தேன்.

"எங்கண்ணன் ஏத்துக்கிட்டாருன்னு சொன்னேன். அவரு மொதல்ல கைய இழுத்துக்கிட்டாரு. அத ஒங்ககிட்ட மறச்சேன். எங்கண்ணி ஒரு தப்பும் பண்ணல. தப்பு பண்ணது நான். அவங்களுக்கு அக்கினின்னு சொன்ன வாயெல்லாம்..." அதற்குள் மைக் செத்துவிட்டது. யார் நிறுத்தினார்கள் என்று தெரியாது. முன் வரிசையில் ஒரு சகோதரி பாட்டை ஆரம்பித்தார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நான் பாட்டுக்கு மேலே கத்தினேன். பிள்ளைக்காம்பராவில் கத்திப் பழகிய தொண்டை. "அதுக்காக மன்னிப்பு கேட்போம்! நான் கேக்குறேன்!"

பாடுகிறவர்களுக்கு நடுவே தனியாக நின்றேன். பாட்டு முடிந்தபின் பாஸ்டர், ஆஸ்பத்திரி ஜெபக் குழுவில் எனக்குக் கொஞ்ச நாள் ஓய்வு என்றார். சரி.

வீடியோ சாயங்காலமும் இருந்தது.

ஜூன் 24, திங்கள்

அண்ணியிடம் போனேன். முற்றத்துக் குழாயடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். கை இழுத்ததை, திருநீற்றை, சபையில் சொன்னதை. எல்லாவற்றையும். கடைசியில், "என்ன மன்னிச்சிடுங்கண்ணி. மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்று அவர் கையைப் பிடித்தேன்.

அண்ணி என் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கிட்டயும் ஆமான்னு வாங்கிட்டுத்தான் போவியா?"

விட்டேன். நெருப்பைத் தொட்ட மாதிரி விட்டேன்.

காம்பராவுக்கு வந்து என்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்பைக்கூட அமுக்கி வாங்கப் பார்த்தேனே. எப்போதுதான் எனக்குப் புத்தி வரும்?

ஜூன் 27, வியாழன்

கருமாதி. என்னைக் கூப்பிடவில்லை. போகவில்லை. பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன்.

ஜூலை 7, ஞாயிறு

சபையில் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு பேர் பேசினார்கள், மற்றவர்கள் பேசவில்லை. வீடியோவை எடுத்துவிட்டார்களாம். பாஸ்டர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போகும்போது தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு இன்னும் கோபம் முழுசாகப் போகவில்லை. அவருக்கும் போயிருக்காது.

ஜூலை 16, செவ்வாய்

காலையில் துஷாந்த் கொழும்பிலிருந்து போன் பண்ணினான். "அத்த, நாளைக்கி அம்மாவுக்கு சீனி வியாதி கிளினிக். தனியாப் போவ வேணாங்குறேன், கேக்க மாட்டேங்குறாங்க. நீங்க கூடப் போவீங்களா?" அம்மாவிடம் கேட்டுச் செய் என்றேன். கேட்டுவிட்டுத்தான் எடுத்ததாகச் சொன்னான். என் பேரைச் சொன்னபோது வேண்டாம் என்று சொல்லவில்லையாம்.

ஜூலை 17, புதன்

முதல் பஸ். அண்ணி சன்னலோரம், நான் பக்கத்தில். பசறை தாண்டிய பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "ஜெபம் கிபம்னு ஆரம்பிச்சீன்னா நடுவழியில எறங்கிருவேன்."

"இல்லண்ணி."

கிளினிக்கில் நீளமான வரிசை. நிற்க முடியாமல் தூணில் சாய்ந்துகொண்டார். ஒரு நேரத்தில் கேட்டார். "இன்னும் அங்க போறியா?"

"போறேன்."

"அத்தன பேரு முன்னால அசிங்கப்பட்டுட்டும் என்னத்துக்குப் போற?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. வாய்வரைக்கும் வந்தது. "எனக்கு அது வேணும்ணி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"ம்" என்றார்.

நம்பரைக் கூப்பிட்டார்கள். அண்ணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து, தோளில் கிடந்த பையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.