டிப்ளமாவை எலி தின்ற கதை

வடக்குப் பென்சில்வேனியா
ஆகஸ்ட் 18

அன்புள்ள கோல்பிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, லேனி, நாய் எல்லோரும் சுகம். நீ அந்த அலாஸ்கா மீன் தொழிற்சாலையில் பத்து விரலும் பத்திரமாக, ஈரமில்லாத சாக்ஸ் போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். பதினோரு மாதமாக நீ என்னோடு பேசவில்லை. அப்பாவுக்கு போன் செய்கிறாய், நான் பக்கத்தில் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் ஒட்டுக் கேட்கிறேன். உன் கோபம் நியாயம். எவ்வளவு நியாயம் என்று உனக்கே தெரியாது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கிழிக்காமல் கடைசி வரை படி. முதலில் வீட்டுச் செய்தி.

லேனியை இந்த வருடம் பள்ளிக்கு அனுப்பவில்லை, வீட்டிலேயே நான் பாடம் சொல்லித்தரப் போகிறேன். நம் ஊர்ப் பள்ளியை மூடி மலைக்கு அந்தப் பக்கம் சேர்த்துவிட்டார்கள் அல்லவா, பஸ் காலை ஆறு பத்துக்கு வந்து ஒன்றரை மணி நேரம் வளைந்து வளைந்து போகிறது. உன் தங்கைக்கு மூன்றாவது வளைவிலேயே குடல் வாய்க்கு வந்துவிடும். ஐஸ்கிரீம் வாளி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு போவாள், பிள்ளைகள் அவளுக்கு வாளி என்றே பேர் வைத்துவிட்டார்கள். பாதி நாள் போகமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். வராத நாள்கள் கூடிப்போய், இனியும் கூடினால் மாஜிஸ்திரேட் முன்னால் நிற்க வேண்டும் என்று பிப்ரவரியில் தபால் வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு, "புள்ளையை நிறுத்திடலாம் ரோண்டா, வீட்ல வெச்சுப் பாத்துக்கலாம்" என்றார். சும்மா நிறுத்த முடியுமா என்று கேட்கத்தான் மேல்மேட்டு லோயிஸிடம் போனேன், ஆறு பிள்ளைகளையும் வீட்டிலேயே படிக்கவைத்து ஆளாக்கியவள்.

லோயிஸ் மறுநாளே ஆப்பிள் பை சுட்டு எடுத்துக்கொண்டு வந்து சமையலறை மேஜையில் சட்டசபை நடத்தினாள். வீட்டுப் படிப்புச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறாம். அவள் தங்கை இருக்கும் டெக்சாஸில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. இங்கிருந்து பன்னிரண்டு மைல் தள்ளி நியூயார்க் எல்லைக்குள் இருந்தால் வருடத்துக்கு நாலு தடவை அறிக்கை எழுதித் தர வேண்டும். நமக்கு இரண்டு வழி. ஒன்று, கம்ப்யூட்டர் மூலம் நடக்கும் அரசாங்கப் பள்ளி. நம் பள்ளத்தில் மழைத் தூறலுக்கே இன்டர்நெட் படுத்துக்கொள்கிறது, அது ஆகாது. இன்னொன்று, நாமே பொறுப்பேற்பதாக நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கல்வி அதிகாரிக்குப் பிரமாணப் பத்திரம் கொடுப்பது. என்னென்ன சொல்லித்தரப் போகிறோம் என்ற பட்டியல், தடுப்பூசிச் சீட்டு, வருடத்துக்கு நூற்றெண்பது நாள் பாடம், வருடக் கடைசியில் தகுதியுள்ள ஒருவர் பிள்ளையின் வேலைகளைப் பார்த்துப் பேசி எழுதித் தருவது. நெருப்பு ஆபத்து பற்றிக்கூட வருடா வருடம் சொல்லித்தர வேண்டுமாம். பன்றி இறைச்சியை மறந்து அடுப்பைப் புகையவிட்ட உன் அப்பாவையும் அந்த வகுப்பில் உட்காரவைக்கப் போகிறேன்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் அவள், "உன் ஹைஸ்கூல் டிப்ளமா நகல் ஒண்ணு எடுத்து வை, பொறுப்பேத்துக்கற அப்பாவோ அம்மாவோ பள்ளிப் படிப்பை முடிச்சிருக்கணும், அது இல்லாம ஒண்ணும் நகராது" என்றாள். பரண்மேல் இருக்கிறது என்று ஏறிப் போனேன். கிறிஸ்துமஸ் டப்பாக்களுக்கு நடுவில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இறங்கி வந்து எலி தின்றுவிட்டது என்றேன். அவள் அசரவில்லை. "தின்னா தின்னுட்டுப் போகட்டும், நீ படிச்ச ஸ்கூல்ல கேட்டா வேற நகல் தருவாங்க" என்றாள். அப்பா காப்பிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக் குலுங்கினார்.

கோல்பி, எந்தப் பள்ளியும் எனக்கு நகல் தர முடியாது. நான் முடிக்கவில்லை. கடைசி வருடம் மார்ச் மாதம் நின்றுவிட்டேன், மே மாதம் நீ பிறந்தாய். யாரும் என்னைத் துரத்தவில்லை. வயிற்றோடு அந்த மாடிப்படி ஏறும்போது எல்லோரும் பார்ப்பதைத் தாங்க முடியாமல் நானாகத்தான் நின்றேன், அதில் உன் தப்பு எள்ளளவும் இல்லை. அப்பாவும் அதே மாதம் பள்ளியை விட்டுவிட்டு மர அறுவை ஆலைக்கு வேலைக்குப் போனார். அவர் அதை மறைக்கவில்லை, நான்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். சின்ன வயதில் உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அப்பா மாதிரி பாதியில் விடாதே, அம்மா மாதிரி முடி என்று. அந்த மனிதர் ஒரு நாள்கூட வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் என் பொய்யையும் சேர்த்துச் சுமந்தார்.

நீ கல்லூரியை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்ற அன்று நான் சொன்னது எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "வயித்துல உன்னைச் சுமந்துக்கிட்டே நான் முடிச்சேன்டா, உன்னால ஒரு நாற்காலியில உட்கார முடியலயா?" என்றேன். நீ பையைக் கீழேகூட வைக்காமல் திரும்பிப் போனாய். நான் சொன்னது பொய். உன்னை அப்படிப் பேச எனக்கு ஒரு தகுதியும் இல்லை. வெட்கமாக இருக்கிறது, என்னை மன்னித்துவிடு.

லேனியிடம், லோயிஸ் வந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள், "அப்போ நீயும் படி, எனக்கு மட்டும் என்ன தலையெழுத்தா?" என்றாள். பள்ளியை முடிக்காத பெரியவர்கள் டிப்ளமாவுக்கு எழுதும் தேர்வு இருக்கிறதே, அதற்கு உட்கார்ந்தேன். மளிகைக் கடை வேலை முடித்து வந்து படிப்பேன். நாலு பாடத்தில் மூன்று முதல் தடவையே தேறியது, கணக்கில் நூற்று நாற்பத்தைந்து வேண்டிய இடத்தில் நூற்று நாற்பத்திரண்டு. மூன்றே மூன்று மார்க், காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். என்னிடம் அந்த ஒரு காகிதம் இல்லாததால் ஜூன் வரைக்கும் குழந்தை வாளியோடு பஸ் ஏறினாள், அதுதான் எனக்கு வலித்தது. ஜூலையில் மறுபடி எழுதினேன், நூற்று ஐம்பத்தொன்று. டிப்ளமா வந்துவிட்டது, எலிக்கு எட்டாத உயரத்தில் மாட்டியிருக்கிறது. உன் ஹைஸ்கூல் பட்டமளிப்பு அங்கியை நான் போட்டுப் படம் எடுக்க வேண்டும் என்று லேனி நச்சரிக்கிறாள். சொந்தக்காரன் வந்து அனுமதி கொடுத்தால்தான் தொடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை கார் நம்பர் பிளேட் விற்கும் கடையில் இருக்கிற நோட்டரி அம்மாளிடம் போனோம். வலது கையைத் தூக்கச் சொன்னாள். இதில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மைதானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இந்த ஒரு விஷயத்தில் வீட்டுக்கு வெளியே நான் உண்மை சொன்னது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு, கல்வி அதிகாரிக்குக் கொடுத்த சத்தியத்தைப் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கவில்லையே என்று.

மீன் வெட்டும்போது கையுறை போடு. படிக்கப் போ என்று இனி நான் சொல்லமாட்டேன், அது உன் இஷ்டம். எனக்கு நாற்பது வயதில் வந்தது உனக்கு எப்போது வேண்டுமானாலும் வரும். கடவுள் உன்னைக் கடலிலும் கரையிலும் காக்கட்டும். அடுத்த தடவை போன் செய்யும்போது, அம்மாவிடம் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல், பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வருகிறேன்.

மேலே எழுதியது அத்தனையும் உண்மை என்று வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்யும்,
உன் அம்மா
ரோண்டா

சாட்சி: உன் அப்பா ராய். இவ சொல்றதெல்லாம் நெசம்தான்டா. வீட்டுக்கு வா.